பன்னீரும் பந்தயக் கிண்ணமும்

‘பல பூக்களின் நீர், ஆகையால் பன்னீர்’ என்று கல்யாண மேடைகளில் விளக்கம் சொல்வதை இனியாவது நிறுத்த வேண்டும். பல்+நீர் பன்னீராவதற்கு நன்னூல் இடம் தரும். பொருள் இடம் தராது. கல்முனையிலும் மருதமுனையிலும் நிக்காஹ் வீட்டு வாசலில் செம்பிலிருந்து தெளிப்பது ரோசா ஒன்றின் நீர். பல பூ அதில் எங்கே?

பனிநீர்தான் பன்னீரானது. மலையாளத்தார் இன்றும் பனிநீர் என்றே சொல்கிறார்கள். ரோசாவே அவர்களுக்குப் பனிநீர்ப்பூ. சங்கப் புலவருக்குப் பனி குளிர்ச்சியும் ஆகும், கண்ணீரும் ஆகும். தொல்காப்பியர் அதைக் கொண்டு பருவமே வகுத்தார். வாலையில் ஆவி குளிர்ந்து துளித்துளியாய் இறங்குவதைக் கண்டவர்களுக்கு வேறு சொல் எதற்கு? அதே துளியில் அரபிகள் வியர்வையைக் கண்டார்கள். ‘அரக்’ என்றால் வியர்வை. வெள்ளைக்காரன் நம் சாராயத்துக்கு வைத்த ‘அரக்’ அதன் வழி வந்ததே. பாற்கட்டியான பனீர் பாரசீகச் சொல். அதை இங்கே இழுப்போருக்குப் பதில் தேவையில்லை.

பாரசீகர் ரோசாநீரை ‘குலாப்’ என்றனர்: குல் ரோசா, ஆப் நீர். அரபியில் அது ‘ஜுலாப்’. 9ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் அல்-கிந்தி வாசனை வடிக்கும் முறைகளைத் தனி நூலாக எழுதிவிட்டார். வைத்தியர்கள் மருந்துக்குச் சேர்த்த இனிப்புப் பாகுக்கும் ஜுலாப் என்ற பெயர் போயிற்று. உருதுவில் பேதி மருந்தே ஜுலாப். இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘ஜூலெப்’ ஆயிற்று.

நுவரெலியாவில் ஏப்ரலில் குதிரை ஓடும்போது கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் பந்தய நாளின் கொண்டாட்டம் தெரியும். அமெரிக்காவில் 1875 முதல் நடக்கும் கென்டக்கி டெர்பியில் அந்த நாளுக்கென்றே ‘மின்ட் ஜூலெப்’ உண்டு: போர்பன் விஸ்கி, சீனி, புதினா, நொறுக்கிய ஐஸ். பெயருக்குள் இருந்த ரோசா கிண்ணத்தில் இல்லை. வென்ற குதிரையின் மேல் போர்வையாய்க் கிடக்கிறது. நம் வீட்டு வாசலில் மணக்கும் நீரின் பெயரை விஸ்கிக்குச் சூட்டியிருப்பது எனக்கு வலிக்கிறது.

அரபுக் குதிரைகள் கப்பலில் வந்து காயல் துறையில் இறங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அத்தகைய கப்பல்களில்தான் குலாப் குப்பிகளும் வந்திருக்க வேண்டும். சரக்கை வாங்கிய நம் முன்னோர் பெயரை வாங்கவில்லை. பனிநீர் என்று தாங்களே பெயரிட்டார்கள். இதில் எனக்கு ஐயமே கிடையாது.