கொச்சி கிட்டாரில் ஒரு நாதஸ்வரம்

மெட்டல்னாலே "காட்டுக் கத்தல்"னு ஒதுக்கறவங்களுக்கு ஒரு சின்ன த்ரெட். என் மனசுக்குப் பிடிச்ச ரெண்டு ஆல்பம் பத்தி.

1. அமெரிக்காவின் ட்ரீம் தியேட்டர் 1992-ல வெளியிட்ட 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்'. புரோக்ரசிவ் மெட்டலைப் பலருக்கும் கொண்டுபோன ஆல்பம். பாட்டு நடுவுலயே தாளக்கணக்கு மாறும். சில இடத்துல ஏழு ஏழா எண்ணணும். மிரளாதீங்க, நம்ம மிஸ்ர சாபுவும் ஏழுதான்.

2. 1996-ல கொச்சியில் மதர்ஜேன் இசைக்குழு ஆரம்பம். காலேஜ் விழா மேடைகளில் வெளிநாட்டுப் பாட்டை அச்சு அசலா வாசிச்சா கைதட்டல் நிச்சயம். சொந்தப் பாட்டுன்னா ரிஸ்க். இவங்க ரிஸ்க் எடுத்தாங்க.

3. 2008-ல 'மக்தூப்'. பைஜு தர்மஜனின் கிட்டாரில் கர்நாடக கமகம்! கிட்டார்ல கட்டைகள் ஸ்வரங்களைத் தனித்தனியா பிரிச்சிடும். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தாத்தான் நடுவுல இருக்கற நெளிவு கிடைக்கும்.

4. சாதாரண கிட்டார்ல ஒலி சீக்கிரம் தேயும். டிஸ்டார்ஷன் போட்டா, கம்பியோட அதிர்வு குறைஞ்சாலும் ஒலி சட்டுனு இறங்காது. நாதஸ்வரம் மாதிரி நீளும். கமகத்துக்கு அந்த நீளம்தான் வேணும். "இரைச்சல்"னு திட்டுறோமே, வழி விட்டது அதுதான்.

5. 2010-ல பைஜு குழுவை விட்டு விலகிட்டார். ஆல்பம் இருக்கு. 'சேஸிங் தி சன்' பாட்டுல ஆரம்பிங்க.

6. மெட்டல் நம்ம ஊர் இசை இல்லைன்னு நானே பல வருஷம் கொஞ்சம் கூச்சத்தோடதான் கேட்டேன். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோவில் தேர் முன்னாடி தவிலும் நாதஸ்வரமும் முழங்கும்போது நின்னு கேளுங்க. அந்தக் கனத்தை நம்ம காது ஏற்கெனவே பழகியிருக்கு.