மட்டாஞ்சேரியிலிருந்து குன்னூர் வரை

கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியின் கடைத்தெருவில், மிளகும் சுக்கும் மஞ்சளும் அடுக்கிய பண்டகசாலைகளின் வாயில்தோறும் நாய்கள் படுத்துறங்குவதை அங்கு வாழும் தமிழ் மக்கள் நாள்தோறும் காண்கின்றனர். அவர்களுள் வீட்டில் நாய் வளர்ப்போரும் உண்டு. வளர்த்த நாய் ஒருநாள் அண்டை வீட்டுப் பிள்ளையைக் கடித்துவிட்டால், மருத்துவமனையில் மூன்று கட்டளைகள் பிறக்கின்றன. காயத்தைக் கால் மணி நேரம் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவுக. ஊசியை இன்றே தொடங்குக. நாயைக் கொல்லாது பத்து நாள் கட்டிவைத்துப் பார்த்து வருக.

அறிவு வேட்கை உடையவர் இதனோடு அமைதி அடைய மாட்டார். பத்து நாள் என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது? நலமாக ஓடியாடும் நாய்க்கு இத்துணை அச்சம் எதற்கு? வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டனார் நடுங்கிக்கொண்டு சொன்னாரே, அஃது என்னவாயிற்று? நல்ல கேள்விகள் இவை. இவற்றுக்கு விடை தேடிச் செல்வோர் மட்டாஞ்சேரியிலிருந்து நீலகிரி மலை வரை செல்ல நேரிடும்.

1885ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள், பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாயால் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் மருந்தைச் செலுத்தச் செய்தார். நோயுற்ற முயலின் முதுகுத்தண்டை உலர்த்தி வீரியம் குறைத்த மருந்து அது. சிறுவன் பிழைத்தான். கடித்த பின்னர் ஊசி போட்டு எவ்வாறு காக்க இயலும் என்று கேட்கலாம். இந்நோயின் கிருமி குருதியில் விரையாமல் நரம்பின் வழியே மெல்ல ஊர்ந்து மூளையை அடைவது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று திங்கள் வரை ஆகும். அந்த இடைவெளிக்குள் உடலின் காவலை எழுப்பிவிட வேண்டும். முகத்திலும் கழுத்திலும் கடியுண்டவர்க்கு வழி குறுகியது. ஆதலின் அவர்க்கு நேரமும் குறைவு. மூளையை அடைந்து, தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலை வந்தபின், ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை.

மருந்து பாரிஸில், நோயோ நம் தெருவில். இந்தியாவில் இதற்கான முதல் நிலையம் 1900இல் சிம்லாவை அடுத்த கசௌலியில் அமைந்தது. தென்னாட்டார்க்கு அது கனவுத் தொலைவு. 1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கில இளநங்கை நாய்க்கடியால் இந்நோயுற்று இறந்தார். அத்துயரம் தென்னிந்தியாவுக்கும் ஒரு நிலையம் வேண்டும் என்னும் எண்ணத்தை வலுப்படுத்தியது. ஹென்றி ஃபிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் நன்கொடையும் துணை நிற்க, 1907 ஏப்ரலில் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. ஒரு பெண்ணின் சாவு எழுப்பிய கட்டடம் என்று அதனைச் சொன்னால் மிகையாகாது. பெயரறியாமல் இறந்த நம் நாட்டு ஏழைகள் எத்துணையோ பேர் அதற்கு முன்னரும் இருந்தனர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

மட்டாஞ்சேரியில் ஒருவர் அக்காலத்தில் கடியுண்டார் என்று கொள்வோம். பாலங்கள் இல்லாத காலம். படகேறிக் காயலைக் கடந்து எர்ணாகுளம் சேர வேண்டும். அங்கிருந்து ஷொர்ணூருக்கு 1902இல்தான் இருப்புப்பாதை திறந்திருந்தது. அரசர் ராமவர்மா கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்று அப்பாதை அமைத்தார் என்று அந்நாட்டார் இன்றும் பெருமையுடன் கூறுவர். ஷொர்ணூரில் வண்டி மாறிப் போத்தனூர், அப்பால் மேட்டுப்பாளையம். பின்னர் 1899 முதல் ஓடிய பல்சக்கர மலைவண்டியில் குன்னூர். அங்கே பல நாள் தங்கி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கூலியாளுக்கு இஃது இயலுமா? வீட்டிலேயே மிளகாயும் சுண்ணாம்பும் மஞ்சளும் கடிவாயில் அப்பிக்கொண்டு விதியை நம்பியவரே மிகுதியாக இருந்திருப்பர். அந்த அப்பும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அது காயத்தைப் புண்ணாக்குமே அன்றிக் கிருமியை வெளியேற்றாது; சோப்பு நீரே கிருமியை அழித்துக் கழுவும்.

இந்நிலையை மாற்றியவர் டேவிட் செம்பிள். 1911இல் கசௌலியில் அவர், கிருமியேறிய விலங்கின் மூளையைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து ஒரு மருந்து ஆக்கினார். அதைப் புட்டியில் அடைத்து வெளியூர்களுக்கு அனுப்ப முடிந்தது. நோயாளி மலையேறிச் சென்ற காலம் போய், மருந்து மலையிறங்கி வந்த காலம் பிறந்தது. பாட்டனார் சொன்ன வயிற்று ஊசிகள் இவையே. ஆட்டு மூளையில் ஆக்கிய அம்மருந்து சிலர்க்கு நரம்புத் தளர்ச்சியும் வாதமும் விளைத்ததுண்டு. எனினும் வேறு வழியின்மையால் இந்நாட்டில் 2004ஆம் ஆண்டு முடியும்வரை அது வழங்கிற்று. அதன்பின் உயிரணுக்களில் வளர்த்த தூய மருந்தே வழக்கில் உள்ளது. கையில் நான்கு அல்லது ஐந்து முறை; வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆழ்ந்த கடியாயின் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரதமும் செலுத்துவர்.

இனிப் பத்து நாள் கணக்கு. நோயுற்ற நாயின் உமிழ்நீரில் கிருமி தோன்றுவது, நோய்க்குறி வெளிப்படுவதற்குச் சில நாள் முன்னர்தான். குறி வெளிப்பட்டபின் அந்நாய் விரைவில் மடியும். எனவே கடித்த அன்று உமிழ்நீரில் கிருமி இருந்திருந்தால், பத்து நாளுக்குள் நாயே நமக்கு அறிவித்துவிடும். நலமாக ஓடியாடும் நாயும் அஞ்சத்தக்கது இதனாற்றான். பத்து நாள் கழிந்தும் அது நலமுடன் உண்டு உலவுமாயின், தொடங்கிய ஊசியை நிறுத்துவது பற்றி மருத்துவர் முடிவு செய்வார். நாயை அடித்துக் கொன்றுவிட்டால் அந்தச் சாட்சியை நாமே அழித்தவராவோம். மலையாளத்தில் வெறிநாய்க்குப் பேப்பட்டி என்று பெயர். பட்டி என்றால் சிற்றூரென்றும் ஆட்டுக்கிடையென்றும் கொள்ளும் நம்மவர் புதிதாகக் கேட்டுத் திகைப்பதுண்டு. பேப்பட்டி என்று தெருவில் கூக்குரல் எழுந்தால், தடியேந்துவோர்தாம் முதலில் வருகின்றனர்.

பத்து நாள் பார்ப்பதற்கு நாய் சங்கிலியில் நிற்க வேண்டுமே! பயிற்சி என்பது இங்கே மருத்துவத்தோடு சேர்கின்றது. செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபெல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், உணவு வருமுன்பே, உணவு கொணர்பவரின் காலடியோசைக்கே நாயின் வாயில் நீர் சுரப்பதைக் கண்டார். எதனோடு எது சேர்ந்து வந்ததோ அதனை நாய் நினைவிற் கொள்ளும். சினந்து அடித்துக் கட்டினால் சங்கிலியோடு அச்சம் சேரும். அஞ்சிய நாய் கடிக்கும். குட்டிப் பருவத்தில் கழுத்துப் பட்டையை மாட்டும்போதெல்லாம் ஒரு துண்டு மீன் கொடுத்து வந்தால், பட்டையைக் கண்டதும் அதுவே கழுத்தை நீட்டும். மட்டாஞ்சேரியில் மீனுக்குப் பஞ்சமில்லை. குட்டிக்கு மூன்று திங்கள் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் மருத்துவர் குறித்த நாளில் ஆண்டுதோறும் ஊசியும் போட்டுவர வேண்டும். ஊசி போட்ட சீட்டை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பதும் நன்று; அண்டை வீட்டுப் பிள்ளையின் தாய் வந்து நிற்கும் நாளில், முதலில் கேட்கப்படுவது அதுவே.