ரவுட்டருக்குள் ஒரு தந்திக் கதை

வீட்டில வைஃபை தாற ரவுட்டரை எங்களில் கனபேர் திறந்து பார்த்திருக்க மாட்டோம். திறந்தால் உள்ளே ஒரு சுற்றுப்பலகை. அதன் ஓரத்தில், ஒண்டும் பொருத்தப்படாமல், வரிசையாக நாலு சின்னத் துளைகள் பெரும்பாலும் இருக்கும். அதுதான் சீரியல் கன்சோல். பெட்டியைச் செய்த பொறியியலாளர்கள் அதனோடு கதைத்த வழி. வைஃபை வேலை செய்யாட்டிலும், அமைப்புப் பக்கம் திறக்காட்டிலும், இந்த வழி வேலை செய்யும்.

கலைப்பீடத்தில் படிக்கிறவைக்கு இதில் என்ன வேலை எண்டு கேட்கலாம். அந்தத் துளைகள் பேசுவது தந்திக்காலத்துப் பாஷை. அதனால்தான் எங்களுக்கு இதில் வேலை இருக்கு.

மோர்ஸ் தந்தியில் ஒவ்வொரு எழுத்துக்கும் நீளம் வேறு. அதைக் காதால் கேட்டு எழுத ஒரு பழகிய ஆள் வேண்டும். பிரான்ஸ் நாட்டுத் தந்திப் பொறியியலாளர் எமில் போடோ 1874இல் காப்புரிமை பெற்ற முறையில் எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம், ஐந்து குறிகள். நீளம் ஒண்டானால் இயந்திரமே வாசிக்கலாம். சீரியல் இணைப்பின் வேகத்தை இண்டைக்கும் 'போட்' எண்டு அளப்பது அவருடைய பெயரால்தான்.

பிறகு வந்தது தட்டச்சு இயந்திரம் போன்ற தொலையச்சு. இரண்டு ஊர்களில் இருக்கும் இரண்டு இயந்திரங்களுக்குப் பொதுவான கடிகாரம் இல்லை. எழுத்து எங்கே தொடங்குது எண்டு மற்றப் பக்கத்துக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு தொடக்கக் குறி, பின்னால் ஒரு நிறுத்தக் குறி. பேச்சு இல்லாத நேரத்திலும் வயரில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வயர் அறுந்தால் உடனே தெரிந்துவிடும். அதே வழக்கம்தான் ரவுட்டரிலும். அனுப்பும் முனை சும்மா இருக்கும்போது மல்டிமீற்றரை வைத்தால் பொதுவாக 3.3 வோல்ற் காட்டும்.

1960இல் ஆர்எஸ்-232 என்ற தரநிலை அமெரிக்காவில் வெளிவந்தது. 1963இல் டெலிடைப் 33 என்ற தொலையச்சு வந்தது. செக்கனுக்குப் பத்து எழுத்து அதன் வேகம். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸைத் தொடங்கியவர்கள் கணினியோடு கதைக்க இப்படியான இயந்திரங்களையே பாவித்தார்கள். டெலிடைப் என்பதைச் சுருக்கி 'டிடிவை' எண்டு பெயர் வைத்தார்கள். 1991இல் வந்த லினக்ஸ் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டது. இண்டைய ரவுட்டர்களில் கனக்க லினக்ஸில் ஓடுபவை. அவற்றின் கன்சோலுக்குப் பெரும்பாலும் 'டிடிவைஎஸ்0' என்றே பெயர்.

இணைக்கிறது கஷ்டமில்லை. யூஎஸ்பி சீரியல் மாற்றி ஒண்டு வேண்டும், அது 3.3 வோல்ற் வகையாக இருக்க வேண்டும். பழைய ஆர்எஸ்-232 வயரை நேரே கொடுத்தால் அதன் வோல்ற்றளவு சில்லை எரித்துவிடும். தரை முனையைத் தரை முனைக்கு, அனுப்பும் முனையை வாங்கும் முனைக்கு, வாங்குவதை அனுப்புவதற்கு. நாலாவது மின்முனையைத் தொட வேண்டாம். வேகம் பல ரவுட்டர்களில் 115200. கணக்குப் பார்த்தால் செக்கனுக்கு 11,520 எழுத்து.

ரவுட்டரை ஒன் பண்ணினால் திரையில் வரிகள் ஓடத் தொடங்கும். எவ்வளவு நினைவகம், லினக்ஸின் எந்தப் பதிப்பு, அது எந்த நாளில், எந்தக் கணினியில், எந்தப் பயனர்பெயரில் தொகுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் வரும். ஏட்டுச்சுவடியின் கடைசியில் பிரதி எழுதினவர் தன் பெயரையும் நாளையும் எழுதுவது மாதிரி. பெட்டியின் அட்டையில் இல்லாத விஷயம் இது. எங்கட பாஷையில் சொன்னால், முதன்மைச் சான்று.

அந்தச் சான்று ஏன் முக்கியம்? 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை வெளியிட்டது. அடுத்த வருடம் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. அதே 2003இல், ரவுட்டருக்குள் ஓடுவது லினக்ஸ் என்பதை வெளியாட்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமத்தின்படி, அதை விற்பவர் மூலநிரலையும் தர வேண்டும். கேள்வி எழுந்த பிறகு நிறுவனம் நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. சனம் தங்கட ரவுட்டரில் தாங்களே மென்பொருள் மாற்றத் தொடங்கினார்கள். மாற்றப்போய் செங்கல்லாகிப் போன பெட்டிகளை மீட்க, பலகையில் இருந்த சீரியல் முனைகள் உதவின.

2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நிறுவனம் லினக்ஸை விட்டுவிட்டு நினைவகத்தையும் பாதியாக்கியது. லினக்ஸ் வேண்டுமென்றவர்களுக்கு டபிள்யூஆர்டி54ஜிஎல் எண்டு தனி மாதிரி ஒண்டை விற்றது. காசு கொடுத்து வாங்கின பெட்டி ஆருடையது என்ற கேள்வி அதோடு முடியவில்லை. இப்போதைய சில ரவுட்டர்களில் கன்சோல் கடவுச்சொல் கேட்கும். சிலவற்றில் தட்டச்சை ஏற்காது. சிலவற்றில் முழுதாக அடைத்தே இருக்கும். பாதுகாப்பு எண்டு நிறுவனங்கள் சொல்லும் காரணத்திலும் நியாயம் உண்டு. ஆனால் இற்றைப்படுத்தல் நிண்டுபோன ஒரு பெட்டியைப் பழுதுபார்ப்பதா, குப்பையில் போடுவதா என்ற முடிவும் அந்த அடைப்போடு சேர்ந்து எங்கட கையை விட்டுப் போகிறது.

வீட்டில் பழுதான ரவுட்டர் ஒண்டு சும்மா கிடந்தால், மின்சாரத்தைக் கழற்றிப்போட்டு மூடியைத் திறந்து பாருங்கோ. அந்த நாலு துளைகளும் இருக்கா, இல்லாட்டி அடைச்சிருக்கா எண்டு தேடுங்கோ.