கூட்டு நூற்பட்டியல்: தஞ்சைச் சுவடிகள் முதல் கணினித் தேடல் வரை

பல நூலகங்களில் உள்ள நூல்களை ஒரே இடத்திலிருந்து தேட உதவும் ஏற்பாடு கூட்டுத் தேடல் எனப்படும். இன்று இதைக் கணினி செய்கிறது. இதற்கு முன்னோடியான கூட்டு நூற்பட்டியல் அச்சுக் காலத்திலேயே உருவாகிவிட்டது. அதன் வரலாற்றில் தஞ்சைப் பகுதிக்குத் தனி இடம் உண்டு.

நாயக்கர் காலத்தில் தொடங்கி, மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் பெருகிய தஞ்சை அரண்மனைச் சுவடித் தொகுப்பே இன்றைய சரசுவதி மகால் நூலகம். இங்கு நீதிபதியாக இருந்த ஆர்தர் கோக் பர்னெல், அதிலிருந்த வடமொழிச் சுவடிகளுக்கு ஓர் அட்டவணை தயாரித்தார். அது 1880-இல் இலண்டனில் வெளிவந்தது. தஞ்சையில் என்ன இருக்கிறது என்பதை வெளியூர் அறிஞர்கள் இதன் மூலம் அறிய முடிந்தது. ஆனாலும், ஒரு நூலின் படிகள் எங்கெங்கு உள்ளன என்று அறிய ஒவ்வோர் ஊரின் பட்டியலையும் தனித்தனியே புரட்ட வேண்டியிருந்தது.

இக்குறையைப் போக்க முயன்றவர் செருமானிய அறிஞர் தியோடர் ஆஃப்ரெக்ட். பர்னெலின் அட்டவணை உட்படப் பல பட்டியல்களை ஒன்றுசேர்த்து, 'கேட்டலோகஸ் கேட்டலோகரம்' என்ற தொகுப்பை 1891, 1896, 1903 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்டார். 'பட்டியல்களின் பட்டியல்' என்பது இதன் பொருள். நூற்பெயரை அகரவரிசையில் பார்த்தால், அதன் சுவடிகள் எந்தெந்தத் தொகுப்புகளில் உள்ளன என்பது தெரிந்துவிடும்.

பின்னர் புதிய பட்டியல்கள் பல வெளிவந்தன. தஞ்சைச் சுவடிகளுக்கே 1928 முதல் பி. பி. சுப்பிரமணிய சாஸ்திரியின் விளக்கப் பட்டியல் தொகுதிகள் அச்சாயின. எனவே சென்னைப் பல்கலைக்கழகம் 1935-இல் 'புதிய கேட்டலோகஸ் கேட்டலோகரம்' பணியை மேற்கொண்டது. முதல் தொகுதி 1949-இல் வந்தது. திருவாரூரில் பிறந்த வே. இராகவன் இப்பணிக்குப் பல ஆண்டுகள் உழைத்தார். பட்டியல்களை அடுக்கி வைப்பது இதில் எளிய பகுதி. ஒரே நூலுக்கு வழங்கும் பல பெயர்களை இணைப்பதும், ஒரே பெயருடைய பல ஆசிரியர்களைப் பிரித்தறிவதும்தான் கடினம். பணி 21-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்ததில் வியப்பில்லை.

சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதனும் இத்துறையில் உழைத்தவர். தெற்காசிய நூலகங்களிலுள்ள ஆய்விதழ்களுக்கான கூட்டுப் பட்டியல் ஒன்றை மற்றவர்களுடன் சேர்ந்து 1953-இல் வெளியிட்டார்.

கணினி வந்தபின் இரு வழிகள் தோன்றின. முதல் வழியில், தேடுபவரின் சொல் பல நூலகத் தரவுத்தளங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்பட்டு, விடைகள் திரட்டித் தரப்படும். இதற்கான 'இசட் 39.50' என்னும் நெறிமுறை 1988-இல் அமெரிக்காவில் தரமாக ஏற்கப்பட்டது. இம்முறையில் ஒரு நூலகத்தின் கணினி தாமதித்தால் விடையும் தாமதமாகும். இரண்டாம் வழியில், நூல் விவரங்கள் முன்கூட்டியே ஒரே இடத்தில் சேகரிக்கப்படும். கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கி 2018-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இந்திய தேசிய எண்ணிம நூலகம் இவ்வகையைச் சேர்ந்தது. ஆஃப்ரெக்ட் கையால் செய்ததும் இதுவே.

பெயர்ச் சிக்கல் மட்டும் தீரவில்லை. தஞ்சாவூர் பழைய ஆங்கிலப் பதிவுகளில் 'டாஞ்சூர்' என்றிருக்கும். சரபோஜியைச் 'சரபோசி' என்றும் எழுதுவர். அவர் பெயரால் அமைந்த நூல்களிலோ 'சரபேந்திர' என்றிருக்கும். எழுத்தை மட்டும் ஒப்பிடும் கணினிக்கு இவை வெவ்வேறு பெயர்கள். 'சரபோஜி' என்று மட்டும் தேடும் மாணவருக்குச் 'சரபேந்திர வைத்திய முறைகள்', 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி' ஆகிய நூல்கள் கிடைக்காமல் போகலாம். அவை இல்லை என்றே அவர் முடிவு செய்துவிடக்கூடும். பட்டியலிடுவோர் மாற்றுப் பெயர்களையும் பதிவில் சேர்த்திருந்தால்தான் ஒரே தேடலில் எல்லாம் கிடைக்கும். அதுவரை ஒவ்வொரு பெயர் வடிவையும் தனித்தனியே இட்டுத் தேட வேண்டும்.