தாயும் சேயும்: விளையாட்டுத் துணைநிரல்களில் விட்ஜெட் உறவு

கணினித் திரையில் காணப்படும் பொத்தான், எழுத்துப் பட்டை, படம் போன்ற கூறுகள் விட்ஜெட் எனப்படும். ஒரு விட்ஜெட்டுக்குக் கீழ் மற்றொன்று அமையும்போது மேலுள்ளது தாய் என்றும் கீழுள்ளது சேய் என்றும் கொள்ளப்படும். இவ்வுறவின் விதிகளைத் தெளிவாக வகுத்த அமைப்புகளுள் ஒன்று, 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கிய எக்ஸ் விண்டோ ஆகும். அதில் திரை முழுவதையும் நிறைத்த வேர்ச் சாளரத்திலிருந்து பிற சாளரங்கள் கிளைத்தன. சேயின் இடம் தாயின் இடது மேல் மூலையிலிருந்து அளக்கப்பட்டது. தாயின் எல்லைக்கு வெளியே நீண்ட பகுதி திரையில் தோன்றவில்லை. தாய் மறைந்தபோது சேயும் மறைந்தது, தாய் அழிந்தபோது சேயும் அழிந்தது.

2004 நவம்பரில் பிளிசார்ட் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இவ்வுறவை ஆட்டக்காரர்களின் கைக்கே கொண்டு வந்தது. பிரேசிலில் 1993இல் பிறந்த லுவா மொழியில், நிறுவனம் தன் திரையமைப்புக்குப் பயன்படுத்திய, ஃபிரேம் எனப்படும் அதே விட்ஜெட்டுகளைக் கொண்டே எவரும் விளையாட்டுடன் இணையும் துணைநிரல் எழுதலாம் என்ற நிலை அதனால் உருவாயிற்று. யுஐபேரன்ட் என்னும் ஃபிரேமே பெரும்பாலானவற்றுக்குத் தாய். ஆட்டக்காரர் ஆல்ட், இசட் விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது அது ஒன்று மறைய, யாரோ எழுதிய துணைநிரலின் பலகைகளும் உடன் மறைந்து, போர்க்களக் காட்சி மட்டும் எஞ்சும். உருவளவும் இவ்வாறே வழிவழியாக இறங்கும்: தாயின் அளவு 0.8, சேயின் அளவு 0.5 எனில் திரையில் சேய் 0.4 மடங்காகவே தோன்றும். ஆனால் இடத்தைப் பொறுத்தவரை இந்த விளையாட்டு பழைய மரபிலிருந்து விலகியது. ஃபிரேம் ஒன்றைத் தாயல்லாத வேறொரு ஃபிரேமுடனும் பிணைத்து நிறுத்தலாம் என்பதால், யாருக்குச் சேய் என்பதும் எங்கே நிற்கிறது என்பதும் தனித்தனிக் கேள்விகளாயின. புதிதாக எழுத வருவோர் பெரிதும் தடுமாறக்கூடிய இடம் இதுவே. 2013இல் வெளியான ‘டோன்ட் ஸ்டார்வ்’ விளையாட்டின் நிரல்களோ பழைய மரபையே பின்பற்றின. அங்கே ஆட்சைல்ட் என்னும் கட்டளை சேயைப் பழைய தாயின் பட்டியலிலிருந்து நீக்கிப் புதிய தாயிடம் சேர்க்க, இடமும் அளவும் புதிய தாயைச் சார்ந்தே கணக்கிடப்படும்.

தாய்–சேய் உறவு வெறும் அடுக்குமுறையாக இல்லாமல் அதிகார எல்லையாகவும் மாறியதே இவ்வரலாற்றின் முக்கியத் திருப்பம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் யாருக்கு எந்த மந்திரத்தால் நோய் நீக்குவது என்பதைத் துணைநிரலே முடிவுசெய்ய, ஆட்டக்காரர் ஒரே விசையை அழுத்திக்கொண்டிருந்தால் போதும் என்ற நிலை முற்றியதால், 2006 டிசம்பரில் வந்த அதன் 2.0.1 பதிப்பு சில ஃபிரேம்களைப் பாதுகாக்கப்பட்டவை என அறிவித்து, சண்டை நடக்கும்போது துணைநிரல்கள் அவற்றை நகர்த்தவோ மறைக்கவோ முடியாதபடி தடுத்தது. தாயை மறைத்துச் சேயை மறைக்கும் குறுக்குவழியும் அடைபட வேண்டியிருந்ததால், பாதுகாக்கப்பட்ட சேயைப் பெற்ற தாய்க்கும், அச்சேய் பிணைக்கப்பட்டிருந்த ஃபிரேமுக்கும் அதே தடை விரிந்தது. பாதுகாப்பு சேயிலிருந்து தாய்க்கு ஏறியது. ஒளிபுகாத் தன்மையின் அளவை மாற்றுவது தடுக்கப்படாததால், எழுதுவோர் அதைச் சுழியாக்கிப் பொத்தானைக் கண்ணிலிருந்து மறைத்தனர். எனினும் அவ்வாறு மறைந்த பொத்தான் மவுஸின் சொடுக்கைத் தொடர்ந்து ஏற்றுக்கொண்டே இருந்தது.