மன்னன் மகன்தான், ஆனால்...!

பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுவோர், அஃது ஆண்டவன் வகுத்த ஏற்பாடு என்பர். எவராலும் மாற்றவொண்ணாதது என்பர். வரலாற்றைப் புரட்டிடும் நாம் காண்பதோ வேறு. வகுத்தவரும் மனிதர், வேண்டியபோது வளைத்தவரும் அவரே. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த கிளாஸ்டர் பிரபு இராபர்ட்டின் வாழ்வு அதற்கோர் சான்று.

1100 முதல் 1135 வரை இங்கிலாந்தை ஆண்டவன் முதலாம் ஹென்றி. மணவுறவுக்கு வெளியே அவனுக்குப் பிறந்த மக்கள் இருபதின்மருக்கும் மேல். அவர்களுள் தலையாயவன் இராபர்ட். தந்தையின் புகழை விரித்துரைத்த ஏடுகள், தாய் இன்னாள் என்பதைத் தெளிவாகக் குறித்து வைத்திட அக்கறை காட்டவில்லை. பெற்றவள் பெயர் மறைந்தது. பழி மட்டும் பிள்ளையின் தலையில் நின்றது!

ஹென்றி மகனைக் கைவிட்டானில்லை. கிளாஸ்டர் நிலங்களுக்கு உரியவளான மேபல் என்னும் சீமாட்டியை அவனுக்கு மணமுடித்து வைத்தான். பிரபுப் பட்டமும் தந்தான். இராபர்ட் களத்திலே வீரன், கல்வியிலே நாட்டமுடையவன். மாம்ஸ்பரி வில்லியம் என்னும் வரலாற்றாசிரியர் தம் நூலை அவனுக்கே காணிக்கையாக்கினார்.

1120இல் 'வெள்ளைக் கப்பல்' கவிழ்ந்தது. ஹென்றிக்கு முறைப்படி பிறந்த ஒரே மகன் கடலில் மாண்டான். ஆற்றல் மிக்க மற்றொரு மகன் அருகே நிற்கிறான். ஆயினும் அவனுக்கு முடியில்லை! மகள் மடில்டாவே வாரிசு என்று 1127இல் பிரபுக்களிடமும் ஆயர்களிடமும் உறுதிமொழி வாங்கினான் மன்னன். அந்த அவையில், முன்னே உறுதி கூறுவது யார் என்று இராபர்ட்டுக்கும், ஹென்றியின் சகோதரி மகன் ஸ்டீபனுக்கும் போட்டி எழுந்தது. பெற்ற மகன், தந்தையின் அவையிலே தன் இடத்துக்காக வழக்காட வேண்டிய நிலை!

1135இல் ஹென்றி இறந்தான். உறுதிமொழி காற்றிலே பறந்தது. ஸ்டீபன் அரியணை ஏறினான். அவனுக்கு முடிசூட்டியவர், மடில்டாவுக்கு வாக்களித்திருந்த கான்டர்பரிப் பேராயரேதான். வாக்குத் தவறியவன் மன்னனாகலாம்; மந்திரம் ஓதாமற் பிறந்தவன் ஆகக்கூடாது! இதுதான் அவர் கண்ட அறம்.

இதிலுள்ள விந்தையைக் கேளுங்கள். 1066இல் இங்கிலாந்தை வென்று, அந்த அரச மரபையே தொடங்கிய வில்லியம் யார்? ஹென்றியின் தந்தை, நார்மண்டிக் கோமகனுக்கு மணவுறவின்றிப் பிறந்தவன். பாட்டனுக்குத் தடையாகாத பிறப்பு, பேரனுக்குத் தடையாயிற்று. இடையிலே மாறியது இரத்தமா? இல்லை. திருமணத்தைத் திருச்சபை தன் பிடிக்குள் இறுக்கிக்கொண்டது, சட்டம் மாறியது.

முதலில் ஸ்டீபனுக்குப் பணிந்த இராபர்ட், 1138இல் அப்பிணைப்பை முறித்தான். மறு ஆண்டு தங்கை மடில்டாவுடன் இங்கிலாந்தில் இறங்கினான். 1141 பிப்ரவரியில் லிங்கன் போரில் ஸ்டீபன் சிறைப்பட்டான். செப்டம்பரில் வின்செஸ்டரிலிருந்து தங்கை தப்பிச் செல்லப் பின்னே நின்று போரிட்ட இராபர்ட்டும் சிக்கினான். நவம்பரில் கைதிகளை மாற்றிக்கொண்டனர். முடிசூடிய மன்னனுக்கு ஈடு யார்? முடிக்குத் தகுதியற்றவன் என்று ஒதுக்கப்பட்ட அதே இராபர்ட்!

1147இல் பிரிஸ்டலில் அவன் மறைந்தான். 1154இல் மடில்டாவின் மகன் இரண்டாம் ஹென்றி முடி சூடினான். அவன் மகன் ஜான், 1189இல் இராபர்ட்டின் பேத்தி இசபெல்லாவை மணந்தான். 1199இல் அரசனானதும் அவளை விலக்கினான். காட்டிய காரணமோ, இருவரும் முதலாம் ஹென்றியின் வழிவந்த நெருங்கிய உறவினர் என்பது! அரியணைக்கு ஆகாத இரத்தம், மணமுறிவுக்கு மட்டும் ஆகிவிட்டது!

பழியைத் திருச்சபை மீது மட்டும் சுமத்திடோம். பெற்றோர் பின்னர் மணந்துகொண்டால், முன்பு பிறந்த பிள்ளையையும் ஏற்கலாம் என 1236இல் மெர்ட்டனில் ஆயர்கள் கூறியபோது, மறுத்தவர்கள் நிலப் பிரபுக்கள். புனிதம் என்று பேசப்பட்டது, காக்கப்பட்டதோ சொத்து. அந்த மறுப்பு நீங்க 1926 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிரபுப் பட்டங்களுக்கு இன்றும் அத்தடை நீங்கிடவில்லை.

சீமையின் பழங்கதைதானே என்று ஒதுக்கிட இயலுமா? புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததே! அறிவு கொண்டு இணைந்தோரின் பிள்ளைகள் மீதும் அன்று அதே முத்திரை விழுந்தது. 1967இல் அண்ணா ஆட்சி நிறைவேற்றிய சட்டம் அதனைத் துடைத்தது. முன்பு நடந்த மணங்களையும் செல்லுபடியாக்கியது.

சட்டம் இழுத்த கோட்டைச் சட்டமே அழித்தது. அப்படியெனில் அக்கோடு ஆண்டவன் எழுத்தன்று. தோழர்களே, பிறப்பின் பேரால் ஒருவனை ஒதுக்கிட எவரேனும் முனையும்போது, நாம் கேட்க வேண்டுவது ஒன்றே: இதை எழுதியவர் யார்? இதனால் எவர் சொத்து காக்கப்படுகிறது?