ஸ்நாப்

'ஒரு ஸ்நாப் எடுப்போம்' என்கிறோமே, அச்சொல் பிறந்தது ஸ்ரூடியோவில் அன்று, வேட்டைக்காட்டில். நின்று குறிபார்க்க நேரமின்றிச் சட்டென்று சுடுவதையே ஆங்கில வேட்டைக்காரர் 'ஸ்நாப்ஷொட்' என்றனர். 1860இல் ஜோன் ஹேர்ஷல் என்னும் விஞ்ஞானி, நொடிப்பொழுதில் எடுக்கும் படத்துக்கு அதனை ஆண்டார். 1888இல் கொடாக் கமராவும், 1900இல் ஒரு டொலர் விலையில் பிறவுணியும் வந்தபின் அது சாதாரண மக்களின் சொல்லாயிற்று. தமிழிலும் படத்தைப் 'பிடிக்கிறோம்', மீன் பிடிப்பதுபோல.

எங்கள் பண்டத்தரிப்பு வீட்டில், ஸ்ரூடியோவில் மூச்சடக்கி நின்று எடுத்த படங்களுக்குச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினோம். ஸ்நாப்புகள் அலுமாரிக்குள் கிடந்தன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாம மக்கள் இடம்பெயர்ந்தபோது நான் பள்ளி மாணவன். சுவர்ப்படங்கள் சுவரோடு போயின. பாடப்புத்தகத்தினுள் செருகியிருந்த ஒரு ஸ்நாப் மட்டும் எங்களோடு வந்தது. அதில் அம்மா துலாக்கயிற்றைப் பிடித்தபடி, "எடுக்காதை" என்று முகந்திருப்பிச் சிரிக்கிறா. அவவின் இளமைக்கு எம்மிடமுள்ள சான்று அதுவொன்றே.

உங்களிடமுள்ள ஸ்நாப்புகளின் பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிவையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.